ஃபேக்ட் பக்கத்தில் ஏழு வரி

ஜெசிந்தாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதுதான் அவளுக்கு வந்த வினை. தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பாரத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இவளும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், ஒரு பழுப்புக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் வண்டிக்காக நின்றுகொண்டிருக்க மாட்டாள்.

இங்கிலீஷ் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா சின்னையன் அடுத்தவர் கழனியில் வரப்பு வெட்டியே ஆயுசைக் கழித்தவர். இவள் பன்னிரண்டாவது வரை தமிழில்தான் படித்தாள். பத்தொன்பது வயதில் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் அடிக்கிற ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் ஆளாகப் போனாள். அங்கே லீவு கேட்பதும் இங்கிலீஷில், ஷூ கிழிந்தது என்று சொல்வதும் இங்கிலீஷில். மற்ற பெண்கள் யாரையாவது கெஞ்சி எழுதி வாங்குவார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு கடிதத்தையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டாள். அப்புறம் பெயரையும் நோயையும் மாற்றிப் போட்டால் புதுக் கடிதம் தயார். ஐந்து வருடத்தில் லைன் முழுவதும் அவளிடம் வந்து நின்றது. எட்டாவது வருடம் பர்மனென்ட் ஆனாள். பதினைந்தாவது வருடம் மஞ்சள் தொப்பி போய், லைன் லீடருக்கு உரிய நீலத் தொப்பி தலையில் ஏறியது. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள் என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவள் எழுத்தில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு வரிக்கு ஒரு ‘இன் ஃபேக்ட்’ போடுவாள். இன் ஃபேக்ட் எனக்குக் காய்ச்சல். இன் ஃபேக்ட் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. அது இருந்தால் கடிதத்துக்கு ஒரு மிடுக்கு வருகிறது என்பது அவள் எண்ணம். சேஃப்டி ஆபீசர் தமிழ்வாணன் ஒருநாள் அப்படி ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இன் ஃபேக்ட்னு போட்டா ஃபேக்ட் ஆயிடுமாம்மா? பாட்டில்ல ஊறுகான்னு லேபிள் ஒட்டினா உள்ள ஊறுகா வந்துடுமா?”

மாதம் ஒருமுறை அவர் வகுப்பு எடுப்பார். போர்டில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் ஃபேக்ட், அந்தப் பக்கம் ஒப்பீனியன். “ஃபேக்ட்னா நடந்தது. நீயும் போய்ப் பாக்கலாம், நானும் பாக்கலாம், நம்மளக் கண்டா ஆகாதவனும் வந்து பாக்கலாம். மூணு பேருக்கும் ஒண்ணுதான் தெரியும். ஒப்பீனியன்னா உன் மனசுல தோணுறது. ‘மெஷின் சூடா இருக்கு’ன்றது ஒப்பீனியன். ‘எண்பது டிகிரி’ன்றது ஃபேக்ட்.”

பின் பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள், “அப்ப உண்மைன்னா இன்னா சார்?”

தமிழ்வாணன் டஸ்டரை எடுத்துப் போர்டைத் துடைத்தார். “அது பெரிய சப்ஜெக்ட். டீ டைம் ஆச்சு, போங்க.”

இப்போது தாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கதையை நகர்த்தினால், ஜெசிந்தா செய்த தப்பையே நானும் செய்தவனாவேன்.

தகட்டை அடிக்கிற ஒவ்வொரு பிரஸ் மெஷினுக்கும் முன்னால் ஒரு கம்பிக் கதவு இருக்கிறது. கதவு திறந்திருந்தால் மெஷின் இறங்காது. கதவில் ஒரு சென்சார் பார்த்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு பீஸுக்கும் கதவைத் திறந்து மூடினால் டார்கெட் வராது. டார்கெட் வராவிட்டால் லைன் லீடர் சாயங்கால மீட்டிங்கில் நின்றுகொண்டே திட்டு வாங்க வேண்டும். அதனால் எப்போதோ ஒரு புண்ணியவான் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கிச் சென்சார் மேல் ஒட்டினான். கதவு மூடித்தான் இருக்கிறது என்று மெஷின் நம்பிவிட்டது. அன்று தொடங்கி எல்லா லைனிலும் அதே வழக்கம். அதற்குத் தாயத்து என்று பெயர். ஷிப்ட் ஆரம்பத்தில், “தாயத்து கட்டியாச்சா?” என்று கேட்பார்கள். வெளியிலிருந்து ஆடிட்டர் வந்தால், “தாயத்த அவுரு” என்று ஒரு குரல் ஓடும். ஆபீசர்கள் வருவதற்கு முன் போனில் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்குத் தெரியாது என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

கட்டுவதும் அவிழ்ப்பதும் லைன் லீடர் வேலை. புதிதாக வந்தவர்களிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரு மாதம் போனால் தானே தெரிந்துகொள்வார்கள்.

துர்காதேவி வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை. பத்து நாள்தான் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண், இருபத்தொரு வயது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தகடு ஒன்று அச்சில் சிக்கிக்கொண்டது. வகுப்பில் சொன்னபடியே கதவைத் திறந்தாள். கதவு திறந்திருந்தால் மெஷின் இறங்காது என்று நம்பிக் கையை உள்ளே விட்டாள். மெஷினை இறக்குகிற பெடலில் கால் பட்டது. மெஷின் இறங்கி ஏறியது. வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது.

அலறல் கேட்டு முதலில் ஓடியவள் ஜெசிந்தா. அங்கே அவள் கை செய்த காரியத்தை அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை. பெண்ணைப் பிடிப்பதற்கு முன், சிவப்பு பட்டனை அடிப்பதற்கு முன், அவள் கை தானாகச் சென்சாருக்குப் போய்க் காந்தத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டது. அவள் யோசிக்கவே இல்லை. லைன் லீடர் ஆன நாளிலிருந்து, ஏதாவது கலவரம் என்றால் முதலில் தாயத்தை அவிழ்த்துப் பழகிய கை அது. பெண்ணைத் தாங்கிப் பிடித்தது அதற்குப் பிறகுதான். இரண்டுக்கும் நடுவே மூன்று விநாடி இருக்குமோ என்னவோ.

மறுநாள் எச்.ஆர். மேனேஜர் ஷ்யாம் அவளைக் கூப்பிட்டு ஒரு பாரத்தைக் கொடுத்தார். தமிழ்வாணன் போர்டில் போடுகிற அதே கோடு, அதே இரண்டு பக்கம்.

“நீங்கதான் நல்லா எழுதுவீங்க ஜெசிந்தா. ஃபேக்ட்ஸ் மட்டும் போதும். இந்தத் தடவை இன் ஃபேக்ட் எல்லாம் வேணாம்.”

எழுதினாள். ஃபேக்ட் பக்கத்தில் ஏழு வரி. ஒவ்வொன்றும் நடந்தது, ஒவ்வொன்றையும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஏழாவது வரி: விபத்துக்குப் பிறகு சென்சாரைச் சோதித்ததில் அது சரியாக வேலை செய்கிறது. ஆமாம், செய்யாமல் என்ன செய்யும்? ஒப்பீனியன் பக்கத்தில் ஒரே ஒரு வரி: கதவு திறந்திருந்ததாக ஆபரேட்டர் கருதுகிறார். ஷ்யாம் படித்துவிட்டு, “எக்ஸலன்ட்” என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் போட்டு உட்காருவாள், பாதியில் எழுந்து போய்க் கேஸை மூடினோமா என்று பார்ப்பாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே வருவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, கையும் சேர்ந்து குறுகுறுத்தது. புருஷன் ஜான்சன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“நீ எழுதுனதுல பொய் எதுனா கீதா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கிற? எல்லா லைன்லயும்தான் ஒட்றாங்க. நீ மட்டும் போயி தலைய குடுப்பியா?”

பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவளை அரித்தது. பொய் என்று ஒன்று இருந்தால் அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். இதில் எந்த வரியை அடிப்பது?

விசாரணை திங்கட்கிழமை. அதற்குள் பாரத்தில் துர்காதேவியின் கையெழுத்து வேண்டும், இடது கையால் போட்டாலும் பரவாயில்லை என்று ஷ்யாம் கவரைக் கொடுத்து அனுப்பினார். லெட்டர் எழுதுகிற அக்கா போனால் பெண் மறுக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் போனை எடுத்து, ஃபேக்ட் என்றால் தமிழில் என்ன என்று தேடினாள். இத்தனை வருடம் அந்தச் சொல்லை மிளகாய்ப்பொடி மாதிரி எல்லாவற்றிலும் தூவியவள், ஒருநாளும் அகராதி பார்த்ததில்லை. உண்மை, மெய்ம்மை, நடந்த நிகழ்ச்சி என்று வந்தது. விரலால் கீழே தள்ளினாள். முன்காலத்து இங்கிலீஷில் அதற்குச் செய்த காரியம் என்று அர்த்தமாம். அதிலும் முக்கியமாக, ஒருவர் செய்த குற்றம். சட்டப் பேச்சில் அந்தப் பழைய அர்த்தம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பக்கத்து சீட்டுப் பெண்மணி, “தலை சுத்துதாம்மா?” என்று ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தாள். ஜெசிந்தா வேண்டாம் என்றாள்.

பூஞ்சேரியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ‘கை அடிபட்ட பொண்ணு’ என்றதும் காட்டினார்கள். மாடி இல்லாத சின்ன வீடு. துர்காதேவியின் அம்மா, வேண்டா என்று பெயர், ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் பெருக்குகிற வேலை பார்ப்பவள், காலை வேலை முடித்துச் சீருடையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் இருந்தாள். ரிசார்ட்டில் கழித்துக் கட்டிய பிரம்பு நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை ஒரு தலையணை மேல்.

“வாக்கா. இம்மாந்தூரம் நீயே வந்துட்டியா?” என்று அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். அந்த வரவேற்பு ஜெசிந்தாவைச் சுட்டது. வாங்கி வந்த சாத்துக்குடியைக் கீழே வைத்துவிட்டுக் கவரைப் பிரித்தாள்.

துர்காதேவி பேனாவை இடது கையில் பிடித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. பேனாவை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள், “இதுல இன்னாக்கா எய்திகீது?”

இத்தனை வருடத்தில் ஜெசிந்தா எழுதிக் கொடுத்த எதையும் யாரும் இன்னா என்று கேட்டதில்லை. அக்கா எழுதினால் சரியாக இருக்கும். அவள் பாரத்தைக் கையில் எடுத்து, இங்கிலீஷைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

“ஒண்ணு. அன்னிக்கு காலைல ஆறு மணி ஷிப்டுக்கு வந்த.”

“ஆமாக்கா.”

“ரெண்டு. உனுக்கு ட்ரெய்னிங் குடுத்தாங்க.”

“ஆமா. ரெண்டு நாளு.”

“மூணு. பத்து அம்பதுக்கு கைய உள்ள வுட்ட.”

“ஆமா.”

“நாலு. பெடல்ல கால் பட்டுச்சு.”

“பட்டுருக்கும். ஆமா.”

“அஞ்சு. மெஷின் எறங்குச்சு.”

துர்காதேவி கட்டைப் பார்த்தாள். “ஆமா.”

“ஆறு. ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க.”

“நீதானக்கா கூட வந்த. எந்தலைய மடில வெச்சுகினு.”

இங்கிலீஷில் எழுதும்போது அது ‘ஆபரேட்டர்’, ‘இன்சிடென்ட்’ என்று எங்கேயோ யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. தமிழில் ஒவ்வொரு வரியும் இந்தப் பெண்ணைப் பார்த்து விரல் நீட்டியது. அவளும் ஒவ்வொன்றுக்கும் ஆமா போட்டுக்கொண்டே வந்தாள். ஜெசிந்தா ஏழாவதையும் சொன்னாள். சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது.

“அப்டித்தான் சொன்னாங்க,” என்றாள் துர்காதேவி. “அந்தாண்ட ஒரு வரி தனியா கீதே, அது இன்னா?”

“அது ஒப்பீனியன். கதவு தொறந்து இருந்துச்சுன்னு நீ நெனைக்கிற.”

“நான் நெனைக்கலக்கா. பாத்தேன்.” அப்புறம் குரல் இறங்கியது. “எங்கையாலதான் தொறந்தேன். ஆனா தொறந்திருந்தா ஓடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப நான் தொறக்கலபோல கீது. எம்புத்தில எதோ கோளாறுக்கா. இப்பல்லாம் வூட்டு கதவ சாத்தனாகூட, சாத்துனனான்னு நாலு தபா போயி பாக்கறேன்.”

இரண்டு விரல் போனதற்கே பதில் இல்லை. இந்தப் பெண் தன் கண்ணையும் புத்தியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தொலைத்தவள் அவள் இல்லை. பிடுங்கி அந்தப் பக்கக் கட்டத்தில் போட்டது ஜெசிந்தாவின் பேனா.

“துர்கா, கதவு தொறந்துதான் இருந்துச்சு,” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தாயத்தைச் சொன்னாள். அன்று காலை அதை ஒட்டியது தான்தான் என்று சொன்னாள். அலறல் கேட்டு ஓடி வந்து எதை முதலில் தொட்டாள் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

துர்காதேவி அழவில்லை. “தொறந்துதான் இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள். ஜெசிந்தா ஆமாம் என்றாள். மறுபடி அதையே கேட்டாள். மறுபடி ஆமாம் என்றாள்.

அடுப்படி வாசலில் வேண்டா இரண்டு டம்ளர் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டம்ளர்களை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“மூணு வாரமா இவள திட்டிகினு கீறேன். தெனிக்கும் வேலைக்கு போயி வந்து அதான் வேல எனக்கு. ‘ஊர்ல ஒருத்திக்கும் ஓடாத மெஷினு உனுக்கு மட்டும் எப்டிடி ஓடும், போன பாத்துகினு இருந்தியாடி’ன்னு. கை போன பொண்ண. அந்த பேச்செல்லாம் இப்ப நான் எங்க போயி வெக்கறது?”

ஜெசிந்தா, மன்னிச்சிடுங்க என்றாள். அந்தச் சொல் அந்த வீட்டில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

“நாளிக்கு அங்க போயி இத்த சொல்லுவியா?” என்று கேட்டாள் வேண்டா. “இல்ல, எங்க வூட்டாண்ட எறக்கி வெச்சுட்டு நீ லேசா போலாம்னு வந்தியா?”

ஜெசிந்தாவுக்கு, சொல்வேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை நாள் தான் எழுதிய யோக்கியதையை நினைத்து, வாக்குக் கொடுக்கக் கூச்சப்பட்டாள். கையெழுத்து இல்லாத பாரத்தைக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தாள். டீ அங்கேயே இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கண்டக்டர் முறைத்தார். நீலத் தொப்பி, பையனின் பள்ளிக்கூடம், ஜான்சன் போடப்போகிற சத்தம், அந்தக் கம்பெனியை விட்டால் இந்த வயதில் எங்கே போவது என்பது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஏசி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஷ்யாம், புரொடக்‌ஷன் மேனேஜர், தமிழ்வாணன். ஷ்யாம் பாரத்தைப் புரட்டினார்.

“கையெழுத்தே இல்லையே?”

“நான்தான் வாங்கல சார். ஒரு ஃபேக்ட் வுட்டுப் போயிட்டேன். அத்த எழுதணும்.”

“சொல்லுங்க, நோட் பண்ணிக்கறேன்.”

“நானே எழுதறேன் சார்.”

வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டாள். கோடு எதுவும் போடவில்லை. எழுத எழுத ஷ்யாம் எட்டிப் பார்த்தார். “என்ன இது, தமிழ்ல எழுதறீங்க? இங்கிலீஷ்ல எழுதுங்க. தமிழ்ல எழுதினா யார் படிப்பா?”

“கை போன பொண்ணு படிப்பா சார்.”

அவள் முடித்துக் கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினாள். ஷ்யாம் படித்தார். முகம் மாறியது.

“இதெல்லாம் உங்க ஒப்பீனியன்னு...”

“இல்ல சார். நான் செஞ்சது.”

“தெரிஞ்சுதான் கொடுக்கறீங்களா? ஆக்‌ஷன்னு வந்தா முதல் பேரு உங்களோடதா இருக்கும்.”

“அதுல மொத பேரு என்னுதுதான் சார், பாருங்க.”

தமிழ்வாணன் தாளை வாங்கிப் படித்தார். அவர் எப்போதும் போனில் சொல்லிவிட்டு வருகிறவர். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பேனாவைத் திறந்து, தாளின் அடியில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டுத் தன் கையெழுத்தையும் போட்டார். ஜெசிந்தாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் சஸ்பென்ஷன் லெட்டர் வந்துவிட்டது. இங்கிலீஷில்தான். நீலத் தொப்பியை ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒப்படைத்தாள். லைனில் யாரும் அவளிடம் பேசவில்லை; அவள் எழுதியதால் இனி எல்லா லைனிலும் கதவைத் திறந்து மூட வேண்டும், டார்கெட்டுக்கு என்ன வழி என்பது அவர்கள் கவலை. அவர்கள் கோபமும் நியாயம்தான். கேட் தாண்டி ரோட்டுக்கு வந்து, வெயிலில் நின்று, காலையில் தாளைப் போனில் எடுத்துவைத்திருந்த போட்டோவைத் துர்காதேவிக்கு அனுப்பினாள். வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் கிட்ட வரும்போது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஆட்டோ இரைச்சலில் காதோடு அழுத்திக் கேட்டாள். துர்காதேவி அந்தத் தாளை எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிரஸ் லைன் லீடர் ஜெசிந்தாவாகிய நான். காலையில் காந்தத்தை ஒட்டியது நான். துர்காதேவி கதவைத் திறந்தாள். கதவு திறந்திருந்தது. அவள் மேல் தப்பு இல்லை. காந்தத்தை எடுத்து மறைத்தது நான். கடைசி வரை படித்து நிறுத்தினாள். பதிவு முடிந்துவிட்டது என்று ஜெசிந்தா நினைத்தபோது, தூரத்திலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாத வேண்டாவின் குரல் கேட்டது.

“அந்த கதவு எடத்த இன்னொரு தபா படிடி.”